போல்ட்டுக்குத் தங்க முலாம்

என் மகளுக்கு உள்ளங்கை வியர்க்கும். அந்தச் சீதனம் என்னிடமிருந்து போனது. நான் போட்ட கவரிங் வளையல் எதுவும் ஒரு மாதத்துக்கு மேல் நிறம் நின்றதில்லை. அவள் வளையல் போடுவதில்லை. அவளுடைய வியர்வையில் கறள் பிடித்தது ஒரு துவக்கு.

உடனே பயந்துவிடாதீர்கள், இது சண்டைக் கதை இல்லை. லண்டன் செவன் கிங்ஸில் வளர்ந்து, இப்போது ஒரு மருந்துக்கடையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளை அவள். பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் கிழமையே, "அம்மா, நான் ரைபிள் கிளப்பில சேந்திட்டன்" என்று வந்து சொன்னாள். நான் அப்போது சோறு வடித்துக்கொண்டு நின்றேன். கஞ்சியைக் காலில் ஊற்றாமல் விட்டது யார் செய்த புண்ணியமோ.

"உனக்கென்ன விசரே? துவக்குக்குப் பயந்துதானேடி நாங்கள் நாட்டை விட்டே ஓடி வந்தனாங்கள்!"

"அம்மா, ஐம்பது மீற்றருக்கு அங்கால ஒரு பேப்பர் இருக்கும். அந்தப் பேப்பருக்கு மட்டும்தான் ஆபத்து."

பேச்சில் அவளை வெல்ல ஏலாது. அதுவும் என்னிடமிருந்து போனதுதான்.

படுத்துக்கிடந்து கடதாசியின் நட்ட நடுவில் ஓட்டை போடுவதில் நாலு வருடத்தில் அவள் கெட்டிக்காரியாகிவிட்டாள். போன வருடம் லைசென்ஸுக்கு எழுதிப்போட்டாள். லைசென்ஸ் கொடுப்பதற்கு முன் பொலிஸிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, துவக்கு வைக்கும் இரும்பு அலுமாரி சுவரோடு சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று ஆட்டி ஆட்டிப் பார்த்தார். நான் அவருக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு, இருக்கச் சொல்லியும் இருக்காமல் கதவோரம் நின்றேன். இந்த அலுமாரியின் சாவி எங்கே இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, நான் கேட்கவும் மாட்டேன் என்றேன். மனிதருக்குச் சரியான சந்தோஷம். லைசென்ஸ் வைத்திருப்பவரைத் தவிர வேறு ஒருவருக்கும் அது தெரியக்கூடாதாம். தெரியாது என்று சொன்னதற்காக ஒரு பொலிஸ்காரர் என்னைப் பாராட்டியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இன்னொரு ரோல்ஸ் வைத்தேன்.

என் தெரியாமை சாவியோடு நிற்கவில்லை. அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டால் நான் குசினிக்குள் போய்விடுவேன். அந்தத் துவக்கை ஒருநாளும் நான் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை. போட்டிப் படங்களை அவள் போனில் அனுப்பினால் இரண்டு விரலால் இழுத்து அவளுடைய முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வடிவாகத்தான் இருப்பாள்.

இந்த வசந்த காலத்தில் அவளைக் கவுண்டி அணிக்கு, அதாவது எங்கள் மாவட்ட அணிக்கு, தெரிவுசெய்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் துவக்கு மக்கர் பண்ணத் தொடங்கியது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பின்னால் இழுத்து முன்னால் தள்ளுகிற ஒரு பகுதி அதில் இருக்கிறதாம், அதைப் போல்ட் என்பாள். வியர்வைக் கை பட்டுப் பட்டு அது கறள் கட்டி இறுகிவிட்டது. எசெக்ஸ் பக்கத்தில் இருக்கிற துவக்குத் திருத்துகிறவர், மேலே நல்ல பூச்சு ஒன்று போட்டால் கறளும் பிடிக்காது, வழுக்கிக்கொண்டும் ஓடும் என்று சொல்லி, ஐந்து நிறத்தில் சின்னச் சின்ன இரும்புத் தகடு ஒட்டிய அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டிருந்தார். விரும்பிய நிறத்தைச் சொன்னால் அதே நிறத்தில் செய்து தருவார். ஞாயிற்றுக்கிழமை புட்டு மேசையில் அந்த அட்டை கை மாறியது.

"கறுப்பு. பளபளப்பில்லாத கறுப்பு," என்றாள் மகள். "நான் முடிவெடுத்திட்டன்."

"கறுப்போ? முதன்முதலாக் கவுண்டிக்கு விளையாடப் போறாய். கலியாணவீட்டுக்குக் கறுப்புச் சீலை கட்டிக்கொண்டு போவியோ?"

"போவன். கறுப்புச் சீலை வடிவு."

"இஞ்சேருங்கோ, கேட்டியளே இவள் சொல்றதை?"

என் கணவர் பஸ் ஓட்டுகிறவர். வீட்டிலும் எதற்கும் அவசரப்படமாட்டார். அட்டையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு தகடாகத் தடவிப் பார்த்து, "இந்த நீலமும் பரவாயில்லை" என்றார். அவர் காட்டியது நீலமே இல்லை. வடை சுட்ட சட்டியின் அடி அந்த நிறத்தில்தான் இருக்கும். கடைசித் தகடு பொன் நிறம். கண்ணை எடுக்க முடியவில்லை.

"இதைப் போடு பிள்ளை. மங்களமா இருக்கும்."

"அம்மா, அது தங்கமில்லை. தங்கக் கலரில ஒரு பூச்சு. ரேஞ்சில எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிப்பினம்."

"தங்கமில்லாததைத் தங்கமெண்டு போட்டால்தான் சிரிப்பினம்" என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது. அப்போதே யாராவது என் தலையில் ஒரு குட்டுக் குட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை போல்ட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை அவள் வேலைக்குப் போன பிறகு, மடித்த உடுப்பை வைக்க அவளுடைய அறைக்குள் போனேன். கண்ணாடி மேசையில் ஒரு மஞ்சள் துணி. துணியின் மேல் அது இருந்தது. தேசிக்காய் அளவில் உருண்டைத் தலை, கீழே கட்டைத் தண்டு, தண்டைச் சுற்றிப் புரி. உருண்டையில் அங்கங்கே கறள் புள்ளி.

போல்ட்டை எனக்குத் தெரியாதா? எங்கள் கட்டிலில் எட்டுப் போல்ட் இருக்கிறது, சாப்பாட்டு மேசையில் நாலு. வீடு மாறிய நேரம் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டியது நான்தான். புரி வெட்டிய தண்டும் மேலே ஒரு தலையும் இருந்தால் அது போல்ட். சந்தேகமே வரவில்லை. துணியோடு சேர்த்துச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டேன். இரண்டு மூன்று நாள் தேடட்டும், தேடிக் களைத்து நிற்கும்போது அசல் தங்க முலாம் பூசிக் கையில் கொடுத்தால் கறுப்பை மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே புளுகம், தனியே சிரித்துக்கொண்டு போனேன்.

ஈஸ்ட் ஹாமில் எனக்குப் பழக்கமான நகைக்கடை ஒன்று உண்டு. என் தாலிக்கொடி இரண்டு தரம் அறுந்தபோதும் அங்கேதான் ஒட்டினேன். கடைக்காரர் தஞ்சாவூர்ப் பக்கம். சாமானை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"முலாம் போடலாம்க்கா. ஆனா இது என்னது? பீரோ கைப்பிடியா?"

"மகளின்ர விளையாட்டுச் சாமான், தம்பி." பொய்யில்லையே.

"இரும்புல தங்கம் நேரா ஏறாதுக்கா. அடியில வேற பூச்சு ஒண்ணு குடுத்துட்டுத்தான் ஏத்தணும். பட்டறைக்கு அனுப்பறேன், வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கங்க."

"நல்ல மஞ்சளா வரவேணும், தம்பி. வெளிறக்கூடாது."

"ஜம்முனு வரும்க்கா."

அடுத்த நாள் புதன்கிழமை. பின்னேரம் மூன்று பேரும் சாப்பிட இருந்தோம். நான் இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்தேன். என் கணவருக்குத் திடீரென்று மகள் மேல் இரக்கம் வந்துவிட்டது.

"சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை. உந்தப் போல்ட்டை நான் கொண்டுபோய்க் குடுத்திட்டு வரட்டே? நீ நித்திரை கொள்ளன்."

"ஐயோ அப்பா, ஏலாது!" என்றாள் மகள். "போல்ட் தனியா இருந்தாலும் சட்டத்துக்கு அது துவக்குத்தான். லைசென்ஸ் இல்லாத ஆள் கையில வைச்சிருந்தா குற்றம். அப்பிடி ஆரும் எடுக்க விட்டால் என்ர லைசென்ஸையும் பறிச்சுப்போடுவினம். பிறகு கவுண்டியும் இல்லை, ஒண்டும் இல்லை. கேஸ் கீஸ் எண்டு வந்தா வேலையும் கஷ்டம்."

"உந்தச் சின்னச் சாமானுக்கோ?"

"சின்னனெண்டாலும் துவக்குத்தான், அப்பா."

சொதி கோப்பைக்கு வெளியே போய், மேசை விரிப்பில் ஊறி, என் கணவரின் மடியில் சொட்டியது. "இஞ்சாரும், என்ன செய்யிறீர்?" என்று அவர் எழும்பினார். கை வழுக்கிவிட்டது என்றேன். கை உண்மையில் வழுக்கத்தான் செய்தது. உள்ளங்கை இரண்டும் தண்ணீராக இருந்தன.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாமானை எடுத்தது நான். அதோடு ரயிலேறி ஈஸ்ட் ஹாம் வரை போனதும் நான். அதை இன்னொருவர் கையில் கொடுத்தேன், அவர் மூன்றாவது ஆள் கையில் கொடுத்துவிட்டார். லைசென்ஸ் இல்லாத மூன்று பேர். மகளும் அதைப் பூட்டாமல் கண்ணாடி மேசையில் விட்டிருக்கிறாள், அதுவும் பிழை. ஆனால் நான் கை வைக்காமல் இருந்திருந்தால் அந்தப் பிழை யாருக்கும் தெரியவந்திராது. பெற்ற தாயே பிள்ளையின் லைசென்ஸைப் பிடுங்கிப் பொலிஸின் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அப்போதே மகளிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லக்கூடாது. சொன்னால் அவளும் தெரிந்த ஆள் ஆகிவிடுவாள். நாளைக்கு ஒருவன் வந்து கேட்டால் "எனக்குத் தெரியாது" என்று அவள் நேராக முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். நாங்கள் ஊரில் இருந்த காலத்தில், வெடித்து முடிந்த தோட்டாவின் வெறும் கோது ஒன்று பிள்ளையின் புத்தகப் பையில் இருந்ததற்காகத் தகப்பனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்றுக்கும் உதவாத பித்தளைக் கோது. அப்படிப்பட்ட இடத்தில் படித்த பாடம் இடம் மாறினாலும் மறக்காது. கணவருக்கும் சொல்லவில்லை, அவர் முகம் எதையும் ஒளிக்காது.

வியாழக்கிழமை நான் வேலை செய்கிற பள்ளிக்கூடக் குசினியிலிருந்து, சாமான் அறைக்குள் போய் நின்று, நகைக்கடைக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, முலாம் வேண்டாம். சாமானைத் திருப்பித் தாங்கோ. இண்டைக்கே வேணும்."

"அடடா, பட்டறைக்காரர் குடும்பத்தோட வெளியூர் போயிட்டாருக்கா. திங்கக்கிழமைதான் வருவாரு."

"நீங்கள் திறந்து எடுக்க ஏலாதோ?"

"சாவி அவர்கிட்ட இருக்கேக்கா. எங்கயும் போகாது, பத்திரமா பூட்டித்தான் இருக்கு. ஏன் இப்படிப் பதறுறீங்க?"

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். திங்கட்கிழமை! மகள் சனிக்கிழமை காலை போல்ட்டைத் தேடுவாள். கிடைக்காவிட்டால் சும்மா இருக்கமாட்டாள். துவக்கின் பகுதி காணாமல் போனால் உடனே பொலிஸுக்கு அறிவிக்கவேண்டும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவளே போன் எடுத்து அவளே தன்னைக் காட்டிக்கொடுப்பாள். அதற்கு முன் நான் போய் என்னைக் காட்டிக்கொடுத்தால், கவனமில்லாமல் விட்ட ஆள் என்று இல்லாமல், களவு கொடுத்த ஆள் என்று அவள் தப்பலாம். வெங்காயப் பெட்டி ஒன்றின்மேல் இருந்துகொண்டு இந்த முடிவை எடுத்தேன். எடுத்த பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கிழமைக்கு ஒரு தரம் குடிவரவுக் கந்தோரில் கையெழுத்து வைக்கப் போவேன். வயிற்றில் இவள். போகிறவர்களில் சிலரை அப்படியே உள்ளே பிடித்து வைத்துவிடுவார்கள் என்பதால், ஒவ்வொரு முறையும் கைப்பைக்குள் மாற்றுடுப்பு ஒன்றோடுதான் போவேன். வெள்ளிக்கிழமையும் அதே மாதிரி வெளிக்கிட்டேன். ஒரு சோடி உடுப்பு, பல்துலக்கி, பிரஷர் குளிசை. இரண்டு நாளைக்குப் போதுமான சோறும் கோழிக்கறியும் பருப்பும் சமைத்து மூடி வைத்தேன். வேலையிடத்துக்குத் தலையிடி என்று சொன்னேன். கவுன்சில் குப்பைத் தொட்டியை மறக்காமல் வெளியே இழுத்து வைத்தேன். ஜெயிலுக்குப் போகிற வீட்டிலும் குப்பை கிடந்து நாறக்கூடாது பாருங்கள்.

இருபத்துமூன்று வருடத்தில் நானாக ஒரு பொலிஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்ததில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு இளம்பெண் இருந்தாள், என் மகளின் வயதுதான் இருக்கும். பஸ்ஸில் பாடமாக்கிய ஆங்கில வசனங்களைக் கடகடவென்று ஒப்புவித்தேன்.

"நான் ஒரு துவக்கின் போல்ட்டைக் களவெடுத்துவிட்டேன். என் மகளுக்கு ஒன்றும் தெரியாது."

அந்தப் பிள்ளையின் முகம் மாறியது. என்னைச் சின்ன அறை ஒன்றுக்குள் கூட்டிக்கொண்டுபோய் இருத்தி, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு வயதான அதிகாரி ஒருவர் கொப்பியோடு வந்தார். பெயர், விலாசம் எல்லாம் சொன்னேன்.

"அது இப்போது எங்கே இருக்கிறது?"

"பூட்டின இடத்தில். அந்த மனிதர்களுக்கும் ஒன்றும் தெரியாது."

"எதற்காக எடுத்தீர்கள்?"

"தங்க முலாம் பூச."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. அந்தப் பெண்ணும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மன்னிக்கவேண்டும். எதற்காக?"

"தங்கம்," என்று என் தாலிக்கொடியைத் தூக்கிக் காட்டினேன். "மகள் கறுப்பு வேண்டும் என்றாள். எனக்குக் கறுப்புப் பிடிக்கவில்லை."

அவர் இருமினார். மகளின் போன் நம்பரைக் கேட்டார். அவளுக்கு ஒன்றும் தெரியாது, தரமாட்டேன் என்றேன். இரண்டாம் தரம் கேட்டார், இரண்டாம் தரமும் அதையே சொன்னேன். கடைசியில் கொப்பியை என் பக்கம் திருப்பி, எடுத்த சாமானை வரைந்து காட்டச் சொன்னார். ஒரு வட்டம் போட்டு, கீழே தண்டு போட்டு, தண்டில் புரியைச் சரிவாகக் கோடு கோடாகக் கீறினேன். அளவென்ன என்று கேட்டார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்துக் காட்டினேன். அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் போனார்.

ஒரு மணித்தியாலம் இருந்திருப்பேன். பிள்ளையார், முருகன், நல்லூரான் என்று தெரிந்த எல்லாரையும் கூப்பிட்டேன். லைசென்ஸை மட்டும் எடுக்காமல் விடுங்கோ, என்னை என்ன செய்தாலும் பரவாயில்லை என்று கும்பிட்டேன். அவளைப் போலப் படுத்துக்கிடந்து, மூச்சை அடக்கி, ஒரு காரியத்தில் நாலு வருடம் மனம் வைக்க என்னால் ஏலாது. எனக்குப் பிடிக்காததுதான் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது.

கதவு திறந்தது. மருந்துக்கடை உடுப்போடு மகள் நின்றாள். மூச்சு வாங்கியது. பின்னால் அந்த அதிகாரி.

"இவளுக்கு ஒன்றும் தெரியாது!" என்று எழும்பி நின்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அம்மா, இருங்கோ. போல்ட் அலுமாரிக்குள்ள இருக்கு."

"என்னடி?"

"இவை லைசென்ஸ் பதிவில நம்பர் பாத்துப் போன் எடுத்தவை. வேலையால வீட்டை ஓடிப்போய்த் திறந்து பாத்திட்டு வாறன். போல்ட் பூட்டினபடி அலுமாரிக்குள்ளதான் இருக்கு."

"அப்ப நான் எடுத்தது?"

"அது குமிழ், அம்மா. போல்ட்டில ஒரு கைபிடி இருக்கு. அந்தக் கைபிடியின்ர நுனியில திருகிற குமிழ். கறள் துடைக்கக் கழட்டி வைச்சனான். காணேல்லை, கட்டிலுக்குக் கீழ உருண்டிட்டுதாக்கும் எண்டு விட்டிட்டன்."

அதிகாரி பொறுமையாக விளங்கப்படுத்தினார். குமிழுக்கு லைசென்ஸ் தேவையில்லையாம். கதவுக் குமிழ் வாங்குகிற மாதிரி யாரும் வாங்கலாமாம். அதை யாரும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், விரும்பினால் தங்கமும் பூசலாம். மகளின் லைசென்ஸுக்கு ஏதாவது வருமா என்று கேட்டேன். ஒன்றும் வராது என்றார். இன்னொருமுறை சொல்லுங்கள் என்றேன். ஒன்றும் வராது என்று இன்னொருமுறை சொன்னார்.

அப்பாடா! அந்தக் கதிரையில் அப்படியே சரிந்தேன். கழுத்திலிருந்து கால்வரை ஏதோ கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்தது. சிரிப்பு வந்தது, அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது, இரண்டையும் நிறுத்த முடியவில்லை. அந்த இளம்பெண் டிஷ்யூ கடதாசி கொண்டுவந்து தந்தாள். முகத்தைத் துடைக்கக் கண்ணாடியைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டபோது, பல்துலக்கியும் மாற்றுடுப்பும் நிலத்தில் விழுந்தன. குனிந்து எடுத்துத் தந்தவர் அந்த அதிகாரிதான். ஆயத்தமாகத்தான் வந்திருக்கிறீர்கள் என்றார். அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாசல்வரை வந்து கை கொடுத்தார். ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டுக் கொடுத்தேன்.

மகள் சிரிக்கவில்லை. பஸ் தரிப்புவரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். நான் பாட்டுக்கு, நல்ல வேளை, நல்ல வேளை என்று புலம்பிக்கொண்டு போனேன். தரிப்பில் இருந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு நாளா எனக்கு முன்னால இருந்து சாப்பிட்டனீங்கள். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீயும் தெரிஞ்ச ஆளாகிடுவாய். தெரியாத ஆளை ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது."

"ஆர் அப்பிடிச் சொன்னது?"

"என்ர அம்மா சொன்னவ."

அப்போதுதான் அந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். கனடாவில் இருக்கிற என் அண்ணை, இப்போது பெரிய வண்டி வயிறும் சீனி வருத்தமுமாகச் சுகமாக இருக்கிற அவளுடைய மாமா, வீட்டை விட்டுப் போன நாள் எனக்குத் தெரியாது. காலையில் தேத்தண்ணி கொண்டுபோனேன், பாய் சுருட்டிக் கிடந்தது. எங்கே என்று அம்மாவைக் கேட்டேன். தெரியாது என்றார். ஆமிக்காரர் வந்து கேட்டபோது நானும் தெரியாது என்று அழுதேன், உண்மையாகவே அழுதேன், விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பதினொரு மாதம் கழித்து அண்ணையின் கடிதம் ஒன்று வந்தது. அண்ணை போன அடுத்த கிழமையே பத்திரமாகத் தாய்லாந்து போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதும், அது அம்மாவுக்கு அப்போதே தெரியும் என்பதும் அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"பதினொரு மாசமும் நீங்கள் என்ன நினைச்சுக்கொண்டிருந்தனீங்கள்?"

"செத்துப்போனார் எண்டு."

சொன்ன பிறகு எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடத்தில் அம்மாவோடு அதற்காக ஒரு நாளும் கோபித்ததில்லை, கெட்டிக்காரி என்றுதான் சொல்லித் திரிந்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், பஸ்ஸுக்கு நிற்கிற சனத்துக்கு நடுவில், முதல் தடவையாகக் கோபம் வந்தது. மகள் என் ஈரக் கையைத் தன் ஈரக் கையால் பிடித்தாள்.

"நான் வேலையால வந்து, கறியும் சோறும் மூடியிருக்க, அம்மா எங்கேயெண்டு தெரியாமல் நிண்டிருப்பன். எனக்குத் தெரியவேணும், அம்மா. தெரிஞ்சதால என்ன வந்தாலும் பரவாயில்லை. நான் தெரிஞ்ச ஆளாவே இருக்கிறன்."

சரி என்றேன். பஸ் வந்தது.

சனிக்கிழமை நானும் வாறன் என்று சொன்னேன். மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். என் கணவர் கார் ஓட்டினார், போகிற வழியெல்லாம் "பல்துலக்கி கொண்டு வந்தனீரோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். துவக்குத் திருத்துகிறவரின் பட்டறை எண்ணெய் மணத்தது. மகள் பெட்டியைத் திறந்தாள். பழக்கதோஷத்தில் என் முகம் கதவுப் பக்கம் திரும்பியது. முகத்தைத் திருப்பிப் போல்ட்டைப் பார்த்தேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைய நீளம், உருண்டையான உருக்கு, பக்கத்தில் ஒரு கைபிடி, நுனியில் குமிழ் இல்லாத மொட்டைத் துளை. அவ்வளவுதான். இதை முதலே ஒரு தரம் பார்த்திருந்தால் ஒரு கிழமை நிம்மதியாக இருந்திருப்பேன்.

என்ன பூச்சு என்று அந்த மனிதர் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "கோல்ட்" என்றாள்.

"என்னடி சொன்னாய்?"

"உங்களுக்கு அதுதானே அம்மா விருப்பம்."

"என்ர விருப்பம் எனக்குத் தெரியும். உன்ர விருப்பத்தைச் சொல்லு பிள்ளை, எனக்கும் தெரியட்டும்."

அவள் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்தாள்.

"கறுப்பு, அம்மா."

"கறுப்பெண்டு எழுதச் சொல்லு" என்றேன். அவர் எழுதினார்.